கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தைக் காப்பாக்குதல்: கிந்தாவில் ஒரு தோட்டச் சிற்றூரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஒரு தோட்டச் சிற்றூரில் நடந்தது இது. ஒரு கடைத்தெரு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், தோட்டத்து வரிசை வீடுகள், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்காக எழுந்த சிறு வீடமைப்பு ஆகியவைதாம் ஊர். ஊரைச் சுற்றிச் செம்பனை (எண்ணெய்ப்பனை). செம்பனை முடியும் இடத்தில் பழைய ஈய (வெள்ளீய) நிலம் தொடங்குகிறது: வெண்மணல் மேடுகள், ஆழமான குட்டைகள், மலைச்சரிவில் சில துளைகள். ஊரின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இங்கே தரப்படவில்லை. திறப்புகளைக் கண்டறிந்து அளக்கும் பணியில் நான் இருந்தேன்.

கிந்தாவில் ஈயம் எடுத்த முறைகளைத் தெரிந்துகொண்டால்தான் அங்கே எஞ்சியிருக்கும் ஆபத்துகள் புரியும். பள்ளத்தாக்கின் அடியில் நீரழுத்தத்தால் மண்ணைக் கரைத்து, சேற்றைப் பம்பு கொண்டு உயர்ந்த மரச்சட்டப் பலோங்கிற்கு (தாதுவைப் பிரிக்கும் சரிவான கால்வாய்க்கு) ஏற்றினார்கள். ஈயத் தாதுவான கேசிட்டரைட் தண்ணீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. அதனால் அது பலோங்கின் தடுப்புகளில் தங்கிவிடும். மணலும் சேறும் வழிந்தோடும். கரைத்த இடம் குட்டையானது, வழிந்த மணல் மேடானது. சமநிலத்தில் ஈயக் கப்பல்கள் (நீரில் மிதந்தபடி ஈய மண்ணை அள்ளும் பெரிய இயந்திரங்கள்) வேலை செய்தன. மலாயாவின் முதல் ஈயக் கப்பல் 1913-இல் கிந்தாவில்தான் இயங்கத் தொடங்கியது. மலைச்சரிவில் மட்டும், கருங்கல்லில் ஓடிய தாதுக்கீற்றைத் தேடிச் சிறு முதலாளிகள் கிடைமட்டமாகக் குடைந்தும் செங்குத்தாகத் தோண்டியும் சென்றிருக்கிறார்கள்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலை ஆதரவு முறிந்ததும் ஈய விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. இவ்வூர்ச் சரிவிலிருந்த சிறு சுரங்கங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கைவிடப்பட்டவை. குத்தகை காலாவதியாகி நிலம் மாநில அரசிடம் திரும்பியது. தோண்டிய நிறுவனம் இன்று இல்லை. வரைபடமும் இல்லை.

மாடு விழுந்தது

ஜனவரியில் ஒரு காலை, ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியான ஓர் அம்மாவின் கறவை மாடு சரிவில் மேயும்போது காணாமல் போனது. புதர் மூடிய ஒரு செங்குத்துக் குழிக்குள் அது கிடப்பதை மாலையில் அவர் பேரன் கண்டுபிடித்தான். குழியின் வாயில் பழைய பலகைகள் போட்டு மண் தூவப்பட்டிருந்தது. பலகைகள் உளுத்துப்போயிருந்தன. தீயணைப்பு மீட்புப் படையினர் வந்து கயிற்றில் காற்றுமானியைக் கட்டி இறக்கினார்கள். கீழே போகப் போக ஆக்சிஜன் குறைந்தது. மாட்டை மேலே எடுக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் அன்றாட வருமானத்தில் ஒரு பெரும் பங்கு அந்தக் குழியோடு போயிற்று. அவர்களுக்கு இழப்பீடு தர யாருமில்லை.

அந்த வாரமே ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளிக்குப் பின்னாலுள்ள குட்டையில் பிள்ளைகள் குளிப்பதைப் பற்றிப் பெற்றோர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தக் கவலையும் அன்று சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் உடனே மூட வேண்டும் என்பதே கூட்டத்தின் ஒருமித்த குரல். அது முற்றிலும் நியாயமான குரல் என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதலில் வந்த திட்டம்

மண் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவர் எளிய திட்டம் கொடுத்தார். குழியையும், சரிவில் கிடைமட்டமாகச் செல்லும் குடைவுப்பாதையின் வாயையும் பக்கத்திலிருந்த கறுப்பு மணல் மேட்டை வைத்து நிரப்புவது, குட்டைக்கரையை இடித்துச் சமப்படுத்துவது, சரிவில் நிற்கும் செங்கல் மேடையையும் இரும்புக் குழாய்களையும் அகற்றுவது. மூன்று வாரத்தில் முடியும், செலவும் குறைவு.

திட்டத்தை நிறுத்தியது அந்தக் கறுப்பு மணல்தான். தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், "அது ஈயக்கொட்டகை மணல். அதைத் தொட வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே எங்கள் அப்பா சொல்வார்" என்றார். அவர் சொன்னது சரி. தாதுவைச் சுத்தம் செய்த பின் எஞ்சுவது அமாங். அதில் இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு மோனசைட்டும் இருக்கும். மோனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் உண்டு. அணுசக்தி உரிமச் சட்டம் 1984 வந்த பிறகு அமாங்கைக் கையாள உரிமம் தேவைப்படுகிறது. புக்கிட் மேரா மக்கள் 1980-களில் தோரியக் கழிவை எதிர்த்து நடத்திய போராட்டத்தைக் கிந்தாவில் மறந்தவர் குறைவு. மேட்டின் மேல் கதிர்வீச்சுமானியை வைத்தபோது சுற்றுப்புறத்தைவிட அளவு தெளிவாகக் கூடியிருந்தது. அந்த மணலைக் கிளறாமல் வேலியிட்டு, உரிய துறைக்குத் தெரிவித்துவிட்டு, திட்டத்தை முதலிலிருந்து தொடங்கினோம்.

கண்டவை

மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரு சிறு குழு அமைந்தது: தோட்ட நிர்வாகம், மாவட்ட நில அலுவலகத்தின் பிரதிநிதி, ஊர்க்காரர்கள். கனிம, புவி அறிவியல் துறையிடமும் வனவிலங்குத் துறையிடமும் கருத்துக் கேட்டோம். பழைய வரைபடம் இல்லாத நிலையில் எங்களுக்கு வழிகாட்டியவர்கள் முதியவர்கள். ஆடு மேய்த்த இடம், விறகு பொறுக்கிய இடம், "அந்தப் பக்கம் போகாதே" என்று அதட்டு வாங்கிய இடம் ஆகியவற்றை அவர்கள் சொல்லச் சொல்லத் தாளில் குறித்தோம். பின்னர் அந்தக் குறிப்போடு சரிவில் ஏறினோம். காட்டிய இடங்களில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு பள்ளமோ மண் சரிந்த வாயோ இருந்தது.

குட்டையின் கரையில் ஏறத்தாழ செங்குத்தான மணற்சுவர். அதன் மேற்பகுதியில் வரிசையாகச் சிறு துளைகள். நீலக்கழுத்துப் பஞ்சுருட்டான்கள் அந்தச் சுவரில்தான் கூடு தோண்டுகின்றன. பிப்ரவரி மாதம் அவை அலகால் மணலைக் குடைந்து கொண்டிருந்தன. குட்டையின் மறுகோடியில் நீர்நாய்களின் தடங்களும் மீன் செதில்களும் தெரிந்தன. சரிவில் ஒரு செங்கல் மேடை நின்றது. ஒரு காலத்தில் நீராவி இயந்திரத்தைத் தாங்கியது. அதன் பக்கத்தில் குழாய் வரிசை, பலோங் கால்களின் அடிக்கட்டைகள், கூலி லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடித்தளம், அரசமரத்தடியில் முனீஸ்வரர் கல். கருவறையோ கூரையோ இல்லை. இருந்தும் ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறார்கள்.

குடைவுப்பாதையின் வாய் குனிந்து நுழையும் உயரம். மாலை மங்கியதும் அதிலிருந்து வௌவால்கள் வெளிவந்தன. வனவிலங்குத் துறை அலுவலர் பார்த்துவிட்டு, பூச்சி தின்னும் இலைமூக்கு வௌவால்களும் குதிரைலாட வௌவால்களும் என்றார். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் இனங்கள் இவை. பெண் வௌவால்கள் ஓரிடத்தில் கூடி ஈனும். குட்டிகள் பறக்கத் தொடங்குவதற்கு முன் வாயை மூடினால் மொத்தமும் உள்ளேயே சாகும். இந்த நிலை தெரியாமல் உலகில் எத்தனையோ சுரங்க வாய்கள் கான்கிரீட் ஊற்றி மூடப்பட்டிருக்கின்றன.

உள்ளே போவது பற்றி ஒரு சொல். அடைபட்ட இடங்களில் பாதுகாப்பாகப் பணியாற்றுவதற்கான 2010-ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை, ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நுழையக் கூடாது என்கிறது. வெளிக்காற்றில் அது 20.9 விழுக்காடு. குடைவில் சற்றுத் தூரம் சென்றதும் மானி அந்த எல்லையைத் தொட்டது. பயிற்சி பெற்ற குழு அங்கேயே திரும்பிவிட்டது. வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். அதற்கான முகக்கவசம் இல்லாமல் யாரையும் விடவில்லை. செங்குத்துக் குழிக்குள் யாரும் இறங்கவில்லை.

ஊதுபத்தியின் புகை

செங்குத்துக் குழியும் குடைவும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கேள்வி. முனீஸ்வரர் கல்லுக்கு விளக்கேற்ற வந்த ஓர் இளைஞரிடம் ஊதுபத்திக் கட்டு இருந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். நண்பகலில் குழியின் விளிம்பில் பிடித்தபோது புகை உள்ளே இழுபட்டது. அதே நேரம் கீழே குடைவின் வாயில் பிடித்த பத்தியின் புகை வெளியே தள்ளப்பட்டது. மறுநாள் விடிவதற்கு முன் இரண்டும் தலைகீழாயின.

மலைக்குள் வெப்பம் நாள் முழுதும் அதிகம் மாறுவதில்லை. பகலில் வெளியே சூடேறும்போது உள்ளேயிருக்கும் குளிர்ந்த, கனமான காற்று தாழ்வான வாய் வழியே வழிந்து வெளியேறுகிறது. மேல் குழி காற்றை உள்ளிழுக்கிறது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் உள்ளேயிருக்கும் காற்று ஒப்பளவில் இலேசாகி மேல் குழி வழியே ஏறுகிறது. வௌவால்கள் அந்தக் குடைவைத் தங்குமிடமாகக் கொண்டது இந்த வெப்பமும் ஈரமும் காற்றோட்டமும் அவற்றுக்கு ஒத்துவந்ததால்தான். மேல் குழியை நிரப்பினால் அந்த மூச்சு நின்றுவிடும். கீழ் வாயைத் தொடாமல் விட்டாலும் உள்ளே எல்லாம் மாறிவிடும்.

இதனோடு பாதுகாப்புக் காரணமும் சேர்ந்தது. நான் அதிக நேரம் வாதாடியது இதற்காகத்தான். இரண்டும் இணைந்திருப்பதால் குழியில் கொட்டும் மண் மழைநீரோடு அரித்துக் குடைவு வழியே வெளியேறும். கொட்டிய மண் பழைய மரத்தாங்கிகளில் சிக்கி, மேலே உறுதியான தரைபோலத் தோன்றி, அடியில் வெற்றிடமாக நிற்கவும் கூடும். சில மழைக்காலங்கள் கழித்து யாரோ அதன் மேல் நடப்பார்கள். உளுத்த பலகை மாட்டுக்குச் செய்ததை நிரப்பிய மண் ஒரு மனிதருக்குச் செய்துவிடும்.

முடிவுகளும் காரணங்களும்

ஒவ்வொரு திறப்புக்கும் தனி முடிவு என்று தீர்மானித்தோம்.

செங்குத்துக் குழியைச் சுற்றியிருந்த தளர்ந்த மண்ணை உறுதியான பாறை வரை அகற்றி, அங்கே இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட் வளையம் கட்டுவது. வளையத்தைத் தரைக்கு மேலே உயர்த்தி அதன் மீது இரும்புக் கம்பிவலை. சருகு விழுந்து அடைபட்டாலும் பக்கவாட்டில் காற்று போகும் வகையில் இடைவெளி. சுற்றிலும் மாடு நெருங்காத வேலி.

குடைவின் வாயில் வௌவால்கள் கடந்து செல்லக்கூடிய இரும்புக் கிராதி. கிடைக்கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 14.6 சென்டிமீட்டர் இடைவெளி. மனிதர் நுழைய முடியாது, வௌவால் நுழையும். நிற்கும் தூண்களை இயன்றவரை தள்ளி வைக்க வேண்டும். அடியில் கான்கிரீட் திண்ணை எழுப்பக் கூடாது. குளிர்காற்று தரையை ஒட்டித்தான் வழிகிறது. சில இனங்கள் கிராதியைச் சகிப்பதில்லை என்பதால், நிரந்தர வேலைக்கு முன் பிளாஸ்டிக் குழாய்களால் மாதிரி ஒன்று வைத்துப் பல இரவுகள் கவனிப்பது என்று முடிவாயிற்று. ஊர் இளைஞர்களில் சிலர், பகாங்கின் சுங்கை லெம்பிங்கில் 1986-இல் மூடிய சுரங்கம் இன்று சுற்றுலா இடமாகியிருப்பதைச் சுட்டி, இதையும் திறந்துவிடலாமே என்று கேட்டார்கள். உள்ளேயிருக்கும் காற்றையும் கூரைப் பாறையின் வெடிப்புகளையும் விளக்கி, அது இயலாது என்றோம். வேலைவாய்ப்புத் தேடும் பிள்ளைகள் கேட்ட கேள்வி அது. அவர்களுக்கு வேறு விதத்தில் இடம் தந்தாக வேண்டும் என்பதால் பின்னர் வௌவால், பறவைக் கண்காணிப்பை அவர்களிடமே ஒப்படைத்தோம்.

குட்டைதான் உயிர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து, இரண்டு துளைகளையும்விட. ஈயக்குட்டையில் கரையிலிருந்து சில அடி தள்ளினால் கால் எட்டாது. அடியில் சேறு காலைப் பிடிக்கும். ஏறிவரச் செங்குத்துக் கரையில் பிடிமானம் இல்லை. முழுவதும் வேலி போட்டால் என்ன ஆகும் என்பதை ஊர்ப் பெண்கள் சொன்னார்கள்: மீன் பிடிப்பவர்கள் மறுநாளே அறுத்துவிடுவார்கள். பல வீடுகளின் குழம்பு அந்தக் குட்டையின் விராலும் திலாப்பியாவும்தான். எனவே பள்ளிப் பக்கக் கரையை மட்டும் மென்சரிவாக வெட்டி, நீருக்குள் ஆழமில்லாத அகலமான படி அமைத்து, அதை மீன்பிடி இடமாக்குவது. மற்ற பக்கங்களில் வேலி. மிதவை வளையமும் கயிறும். தமிழ், மலாய், சீன மொழிகளில் எச்சரிக்கைப் பலகை. பஞ்சுருட்டான் கூடுகள் உள்ள சுவரை இடிக்காமல் அதன் உச்சியிலிருந்து தள்ளி வேலி.

மண் வேலை எப்போது என்பதில் தோட்ட நிர்வாகத்துக்கும் குழுவுக்கும் உரசல் இருந்தது. அவர்கள் இயந்திரம் மார்ச்சில் ஓய்வாக இருந்தது. கூடுகளில் முட்டைகள் இருக்கும் மாதம் அது. சுவர் தப்பினாலும், பக்கத்தில் மண்வாரி இயங்கினால் அதிர்வில் மணல் சரியும். ஜூலையில் செய்தால் குஞ்சுகள் பறந்திருக்கும். ஆண்டின் ஒப்பளவில் வறண்ட காலமாகவும் இருக்கும். இரண்டாவது காரணம்தான் நிர்வாகத்தை அசைத்தது. அதுவரை பள்ளிப் பக்கத்தில் தற்காலிக வேலி போட்டு, பெற்றோர் முறைவைத்து மாலையில் காவல் இருந்தார்கள். வேலை முடித்து வந்த களைப்போடு அந்தக் கரையில் நின்ற தாய்மார்களுக்கு இந்தப் பணியில் யாருக்கும் குறையாத பங்கு உண்டு.

செங்கல் மேடை, குழாய்கள், லயத்து அடித்தளம், முனீஸ்வரர் கல் ஆகியவற்றை இருந்த இடத்திலேயே விடுவது என்று முடிவு. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயக் கப்பல் அரும்பொருளாகக் காக்கப்படுகிறது. அது தக்க செயல். ஆனால் ஈய வரலாறு அந்தப் பெரிய கப்பலில் மட்டும் இல்லை. நான்கு வரிசைச் செங்கல்லில் ஒரு குடும்பம் வாழ்ந்த அறையின் அளவு தெரிகிறது. அதை இடித்துவிட்டால், அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இவ்வூரில் வேறு சான்று இல்லை. ஒவ்வொன்றையும் படமெடுத்து, அளந்து, முதியவர்கள் சொன்னதை ஒலிப்பதிவு செய்து பள்ளி நூலகத்தில் வைத்தோம்.

பணியும் பின்னர் நடந்தவையும்

மாதிரிக் கிராதி வைத்த முதல் சில இரவுகளில் வௌவால்கள் வாயருகே வந்து வட்டமிட்டுத் திரும்பின. பிறகு பழகின. இரும்புக் கிராதி ஏறியபின் முதல் வாரத்தில் வெளியேறுபவை குறைந்தன. அடுத்த மாதங்களில் முன்பிருந்த அளவுக்குத் திரும்பின. கண்காணிக்கும் இளைஞர்கள் ஒவ்வொரு மாதமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.

பழைய இரும்பு எடுப்பவர்கள் கிராதியின் ஒரு கம்பியை அறுத்துவிட்டார்கள். உள்ளே போக அல்ல, விற்கத்தான். குழாய் வரிசையிலும் ஒரு பகுதி போயிற்று. கம்பியை மாற்றி, அறுக்கக் கடினமான உருக்கு வைத்தோம். போன குழாய் திரும்பவில்லை.

குட்டையின் மென்சரிவு நன்றாக நிற்கிறது. அக்டோபர் மழையில் ஓர் ஓரம் அரித்தது. புல் பிடிக்காத இடம் அது. வெட்டிவேர் நட்டுச் சரிசெய்தோம். பிள்ளைகள் குளிப்பது நின்றுவிடவில்லை. ஆனால் ஆழமில்லாத படியில், மீன் பிடிக்கும் பெரியவர்களின் கண் முன்னே குளிக்கிறார்கள். அடுத்த பிப்ரவரியில் பஞ்சுருட்டான்கள் அதே சுவருக்கு வந்தன.

கம்பிவலை போட்ட குழியின் மேல் இப்போது நண்பகலில் ஊதுபத்தி பிடித்தால் புகை முன்போலவே உள்ளே போகிறது.

நவம்பரில், செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே, யாரும் காட்டாத ஓர் இடத்தில் தரை அமிழ்ந்தது. ஒரு செம்பனை மரம் சாய்ந்து, அதன் அடியில் குழி தெரிந்தது. தோட்டம் போடுவதற்கு முன்பே தோண்டி, நிரப்பி, மறந்த குழி. குலை வெட்டும் தொழிலாளர்கள் நாள்தோறும் வண்டி தள்ளிப் போகும் பாதையிலிருந்து அது தொலைவில் இல்லை.

மாற்ற வேண்டியவை

கணக்கெடுப்பைத் தோட்ட எல்லையில் நிறுத்தக் கூடாது. ஈயம் எடுத்தவர்கள் இன்றைய எல்லைக்கல்லைப் பார்த்துத் தோண்டவில்லை. முதியவர்களிடம் கேட்கும் வேலையில் ஊர்த் தமிழர்களோடு பக்கத்துச் சீனப் புதுக்கிராமத்துப் பெரியவர்களையும் சேர்க்க வேண்டும். ஈயத்தில் வேலை செய்தவர்கள் அங்கேதான் அதிகம். அவர்கள் வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

காற்றோட்டச் சோதனையைத் திட்டம் எழுதுவதற்கு முன்னரே செய்ய வேண்டும். நண்பகலும் விடியலுமாக இரு வேளை போதும். செலவு ஒரு கட்டு ஊதுபத்தி. நிரப்பும் மண் எங்கிருந்து வருகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, கதிர்வீச்சுமானி வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். இரும்புப் பொருள்களை முதல் நாளே அளந்து படமெடுக்க வேண்டும், ஏனென்றால் ஆட்கள் வந்து போகும் சலசலப்பே திருடர்களுக்கு வழிகாட்டுகிறது. பால்மாட்டை இழந்த குடும்பம் போன்றவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு நிதி இருந்தாக வேண்டும். இதைக் குழு எழுத்தில் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை.

தோட்டத்தின் மேற்குப் பகுதியில் அடுத்த ஆண்டு மறுநடவு. பழைய மரங்களைச் சாய்த்து நிலத்தைக் கிளறும் கனரக இயந்திரங்கள் வரும். அதற்கு முன் அந்தப் பகுதி முழுவதையும் நடந்து குறிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. புதுக்கிராமத்துப் பெரியவர்களுடன் பேச்சு தொடங்கிவிட்டது. அமிழ்ந்த குழியைச் சுற்றி இப்போதைக்கு வேலி போட்டு, குலை வண்டிப் பாதையை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.